சீட் கவருக்கு அடியில் பெல்ட்

என் காரின் பின் சீட்டில் பெல்ட் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. வண்டியைப் புதிதாக எடுத்த வாரத்திலேயே புதுக்கோட்டையில் ஒரு கடையில் விட்டு சீட் கவர் தைத்துப் போட்டேன். பழுப்பு நிறம், ஓரத்தில் கறுப்பு நூல். தைத்தவர் பின் சீட்டில் பெல்ட்டைப் பூட்டுகிற லாக் மூன்றையும் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு மேலே கவரை இழுத்து மாட்டினார். "பின்னாடி யாருண்ணே பெல்ட் போடப் போறாங்க? துருத்திக்கிட்டு இருந்தா குத்தும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வாடகைக் கார்க்காரனுக்குப் பின் சீட்டு வழுவழுப்பாக இருக்க வேண்டும். மூன்று பேர் உட்காருகிற இடத்தில் ஐந்து பேர் ஏறுவார்கள்.

அப்போது நான் வண்டி ஓட்டத் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு விபத்துகூடக் கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஸ்டாண்டில் மற்றவர்கள் முன்னால் சொல்லியும் காட்டுவேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், வைகாசி மாதம். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பெரிய வீடு ஒன்று, ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர் சென்னையில் வியாபாரம் செய்கிறவர். கல்யாணம், கோயில் காரியம் என்று ஊருக்கு வந்தால் என் வண்டிதான். அந்த முறை அவருடைய தம்பி மகனுக்குக் கல்யாணம். சிங்கப்பூரில் இருக்கும் மகள் பதினொரு மாதக் கைக்குழந்தையோடு ஒரு வாரம் முன்னதாகவே வருகிறாள், மாப்பிள்ளை பிறகு வருவார், திருச்சி விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வர வேண்டும் என்று சொன்னார். நானும் அவரும் காலையிலேயே போய் நின்றோம்.

அந்தப் பெண் ஒரு தள்ளுவண்டியில் இரண்டு பெட்டிகளும், அவற்றின் மேல் பெரிய பிளாஸ்டிக் கூடை போன்ற ஒன்றுமாக வெளியே வந்தாள். பிள்ளை அவள் மார்பில் துணிப்பையில் தூங்கிக்கொண்டிருந்தது. பெண் பிள்ளை. தலை நிறைய முடி.

பெட்டிகளை டிக்கியில் வைத்துவிட்டு அந்தக் கூடையையும் தூக்கப் போனேன். "அது உள்ள வைக்கணும்ணே. பின் சீட்டுல. பெல்ட் எங்கே இருக்கு?" என்றாள்.

"பெல்ட்டா? இருக்கும்மா. கவருக்குள்ள இருக்கு."

"எடுத்துத் தர முடியுமா?"

அவளுடைய அப்பா சிரித்தார். "அம்மாடி, ஒண்ணேகால் மணி நேரம். மடியில வச்சுக்கிட்டா வந்துட்டுப் போகுது. அண்ணன் மெதுவாத்தான் ஓட்டுவாரு."

"அண்ணன் மெதுவா ஓட்டுவாருங்க அப்பச்சி. எதுத்தாப்புல வர்றவன்?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சீட்டின் இடுக்கில் கையை விட்டுத் துழாவினேன். லாக் விரலுக்குத் தட்டுப்பட்டது, ஆனால் கவரை அறுக்காமல் வெளியே எடுக்க வழியில்லை. கவர் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் காத்திருந்தாள். கடைசியில் டேஷ்போர்டு பெட்டியில் கிடந்த பிளேடை எடுத்துக் கறுப்பு நூல் ஓரமாகக் கீறினேன். என் முகம் எப்படி இருந்ததோ, "ஸாரிண்ணே" என்றாள்.

அந்தக் கூடை, காரில் பிள்ளையை உட்கார வைக்கிற சீட்டாம். அதை மாட்டுவது கவரை அறுத்ததைவிடப் பெரிய வேலையாக இருந்தது. பிள்ளையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு முழங்காலை அந்தக் குழந்தை சீட்டுக்குள் ஊன்றித் தன் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தி, பெல்ட்டை இழுத்து இழுத்துக் கட்டினாள். கட்டி முடித்ததும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கொஞ்சம் ஆடியது. அவிழ்த்து மறுபடி கட்டினாள். மூன்றாவது தடவைதான் அவளுக்குத் திருப்தி வந்தது. சீட்டின் முகம் வண்டியின் பின்புறக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தது.

"திருப்பி மாட்டிட்டீங்கம்மா. புள்ள பின்னாடியில்ல பாத்து உக்காரும்" என்றேன்.

"அப்படித்தாண்ணே உக்காரணும். இந்த வயசுல தலைதான் கனம், கழுத்துக்குப் பலம் பத்தாது. முன்னாடி பாத்து உக்காந்து எங்கயாவது இடிச்சா தலை வெடுக்குன்னு போகும். இப்படி உக்காந்தா முதுகு மொத்தமும் சீட்டுல அமுங்கித் தாங்கிக்கும்."

ஸ்டீயரிங் பக்கம் வந்து உட்கார்ந்தேன். கிளம்பவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால், வெளிநாட்டில் இருக்கிறோம் என்று காட்டிக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கீரனூரைத் தாண்டுவதற்குள் பிள்ளை விழித்து அழ ஆரம்பித்தது. முன் சீட்டில் இருந்த அப்பா திரும்பி, "தூக்கும்மா, பாவம்" என்றார். அந்தப் பெண் தூக்கவில்லை. "அண்ணே, எங்கயாச்சும் நெழலா பாத்து நிறுத்துங்க" என்றாள். ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். அவிழ்த்துத் தூக்கிப் பால் கொடுத்தாள், முதுகைத் தட்டினாள், பத்து நிமிஷம் மரத்தடியில் நடந்தாள். பிறகு மறுபடி அதற்குள் உட்கார வைத்து, இரண்டு தோளிலும் வாரை மாட்டி நடுவில் பூட்டி, "போலாம்ணே" என்றாள். வீடு போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு இடத்தில் நின்றோம். வண்டி ஓடும்போது பிள்ளை அழுதால் அவளும் கண்கலங்குவாள், ஆனால் கை அந்த வாரை அவிழ்க்காது. வண்டி நின்ற பிறகுதான் அவிழ்க்கும்.

அந்த வீட்டில் அவளுக்கு எதிராக இருந்தவர் ஒரே ஒருவர், அவளுடைய அத்தை. அப்பாவுக்கு அக்கா. அறுபது வயதிருக்கும். அந்தப் பெண்ணின் அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால் அவளை வளர்த்ததெல்லாம் இந்த ஆச்சிதான். நாங்கள் டிரைவர்கள் எல்லாரும் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளையைக் கண்டதிலிருந்து இடுப்பை விட்டு இறக்கவில்லை. காரில் ஏறும்போது மட்டும் கொடுக்க வேண்டியிருந்தது.

"புள்ளையக் கட்டிப் போட்டு வைக்கிறியே, அது என்ன குத்தம் செஞ்சுச்சு?" என்பார்.

"அயித்தை, ஒங்க கையில குடுக்கிறதுல எனக்குப் பயமில்ல. ரோட்டுக்குத்தான் பயப்படுறேன்."

"ஒன்னைய மடியில வச்சு இந்தா இருக்கிற மெட்ராஸ் வரைக்கும் எத்தனை தடவ போயிருக்கேன். ஒனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நம்ம நல்ல நேரம்."

இப்படி நாளுக்கு இரண்டு தடவை நடக்கும். சண்டை என்று சொல்ல முடியாது. இருவருமே குரலை உயர்த்த மாட்டார்கள்.

மூன்றாம் நாள் எல்லாரும் குடுமியான்மலை போனோம். ஆச்சிக்கு அங்கே ஒரு வேண்டுதல். கோயிலிலிருந்து திரும்பி வந்து பிள்ளையை உட்கார வைக்கும் முன் அந்தப் பெண் புறங்கையால் பெல்ட்டின் இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். கையை உடனே இழுத்துக்கொண்டாள். வெயிலில் நின்ற வண்டி, இரும்பு கொதித்துப் போயிருந்தது. தண்ணீரில் நனைத்த கைக்குட்டையை வைத்து ஆற்றிய பிறகே பிள்ளையை வைத்தாள். அன்றிலிருந்து நான் எங்கே நிறுத்தினாலும் என் தோள் துண்டை அந்தச் சீட்டின் மேல் விரித்துவிட்டுப் போவேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். அவள் பூட்டுவதையும் அவிழ்ப்பதையும் நாலு நாளாகக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து எனக்கே பாடமாகிவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மாப்பிள்ளையும் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். அன்று சாயங்காலம் அவரும் அந்தப் பெண்ணும் தையல்காரரிடம் ஜாக்கெட் வாங்க வேறொரு வண்டியில் புதுக்கோட்டை போயிருந்தார்கள். பிள்ளை தூங்கியதால் ஆச்சியிடம் விட்டுப் போனார்கள். நான் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலரை மணி வாக்கில் உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அழுகை நிற்கவே இல்லை. ஆச்சி தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வியர்த்திருந்தார்.

"வண்டிய எடுங்க. திருமயம் வரைக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வருவோம். காத்துப் பட்டா அடங்கிரும்."

"பின்னாடி சீட்டு இருக்குங்க ஆச்சி" என்றேன்.

"அதுல போட்டா இன்னும் கத்தும். அவ வர்றதுக்குள்ள வந்துரலாம். எடுங்க."

முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். பிள்ளை மடியில். நான் ஒரு நொடி நின்றேன். அந்தப் பெண்ணுக்கு இது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஏன் பிடிக்காது என்பதும் தெரியும். ஆனாலும் ஆச்சி அந்த வீட்டுப் பெரிய மனுஷி, கிட்டத்தான் போகிறோம், மெதுவாக ஓட்டலாம் என்று நினைத்து வண்டியை எடுத்தேன்.

ஊரைத் தாண்டியதும் பிள்ளை உண்மையிலேயே அழுகையை நிறுத்தியது. கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து வேடிக்கை பார்த்தது. "பாத்தீங்களா, இதுதான் அதுக்கு வேணும்" என்றார் ஆச்சி. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் சிரிப்பு வந்தது. நாற்பது, நாற்பத்தைந்துக்கு மேல் போகவில்லை.

வலது பக்கம் ஒரு கப்பி ரோட்டிலிருந்து தென்னமட்டைக் கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று திடீரென்று மெயின் ரோட்டில் ஏறியது. ஓட்டியவர் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. நான் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றுவிட்டது, மொபெட்டைத் தொடக்கூட இல்லை. எனக்கு எப்போதும் இருக்கும் நிதானம் அன்றைக்கும் இருந்தது. பக்கத்தில் மட்டும் ஒரு சத்தம் கேட்டது. தேங்காயைத் தரையில் போட்டதுபோல.

பிள்ளை ஆச்சியின் கையில் இல்லை. டேஷ்போர்டில் இடித்துக் கீழே, அவருடைய காலடியில் கிடந்தது. ஆச்சியின் இரண்டு கைகளும் பிள்ளையைப் பிடித்திருந்த அதே வாக்கில் மடிமேல் வளைந்தபடி இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. ஒரு கணம் பிள்ளையிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு பிள்ளை வீறிட்டு அழுதது. வாழ்நாளில் ஒரு அழுகையைக் கேட்டு நான் அப்படி ஆறுதல் அடைந்ததில்லை.

புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் வழிந்தது. நெற்றி எங்கள் கண் முன்னாலேயே வீங்கியது. "நான் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்று ஆச்சி சொல்லிக்கொண்டே இருந்தார். அது பொய்யில்லை. பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் இறங்கிப் பிள்ளையை வாங்கினேன். பின் கதவைத் திறந்து அந்தச் சீட்டில் உட்கார வைத்து, தோள் வாரை மாட்டி நடுவில் பூட்டினேன். எங்கே எதை மாட்ட வேண்டும் என்று தடுமாறவில்லை. ஆச்சியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் காயத்தில் துண்டை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். வண்டியைத் திருப்பிப் புதுக்கோட்டைக்கு விட்டேன். போகும்போதே மாப்பிள்ளைக்கு போன் போட்டு, பிள்ளைக்கு அடிபட்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பாதி வழியில் ஆச்சி பின்னாலிருந்து பேசினார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"தொட்டில்ல இருந்து விழுந்துருச்சுன்னு சொல்லிருவோம்ங்க. நீங்களும் அப்படியே சொல்லிருங்க. அவ என்னைய மன்னிக்க மாட்டா."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பொய் எனக்கும் சௌகரியமாக இருந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். தொட்டிலிலிருந்து விழுந்த பிள்ளையை நான் ஓடி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவனாகிவிடுவேன். இருபத்திரண்டு வருஷக் கணக்கும் அப்படியே இருக்கும்.

ஆஸ்பத்திரியில் இளம் வயது லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். பிள்ளையைப் படுக்க வைத்துக் காயத்தைத் துடைத்தபடி, "எப்படிப் பட்டுச்சு?" என்று கேட்டார்.

"தொட்டில்ல இருந்து விழுந்துருச்சும்மா" என்றார் ஆச்சி.

"எவ்வளவு உயரம் இருக்கும்?"

ஆச்சி முழங்கால் உயரத்துக்குக் கையைக் காட்டினார். டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதினார். நர்ஸிடம் தையலுக்கு எடுத்து வைக்கச் சொன்னார். நான் கதவருகில் நின்றிருந்தேன். முழங்கால் உயரம் என்றுதான் அவர் எழுதியிருப்பார். தொட்டிலிலிருந்து விழுந்த பிள்ளைக்கு என்ன பார்ப்பார்களோ அதை மட்டும்தானே பார்ப்பார்கள்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன். "கார்ல வந்தோம். புள்ள முன் சீட்டுல மடியில இருந்துச்சு. நாப்பத்தஞ்சுல போயிட்டு ஒரேயடியா பிரேக் அடிச்சேன். டேஷ்போர்டுல இடிச்சு, அப்புறம் கீழ விழுந்துச்சு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு ஆச்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இத முதல்லயே சொல்லணும்ங்க" என்றார். திட்டவில்லை. எழுதியதை அடித்தார். பிள்ளையின் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். கழுத்தை அசையாமல் பிடிக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், கை கால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும், ராத்திரி இங்கேயே இருக்க வேண்டும் என்றார்.

ஆச்சி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் பாதத்தைப் பிடித்தபடி நின்றார்.

அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தபோது நான் வெளியே படிக்கட்டில் இருந்தேன். மாப்பிள்ளை நேராக உள்ளே ஓடினார். அவள் என் வண்டியைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிள்ளை சீட்டின் வாரெல்லாம் ரத்தம். பிள்ளை மடியில் இருந்ததையும் நான் பிரேக் அடித்ததையும் சொன்னேன்.

"சீட்டு வண்டியிலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சும்மா."

"அயித்தைகிட்ட சொன்னீங்களா?"

"ஒரு தடவ சொன்னேன். அப்புறம் வண்டிய எடுத்துட்டேன்."

அவள் உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஸ்கேனில் உள்ளே அடி இல்லை என்று தெரிந்தது. புருவத்தில் மூன்று தையல். மறுநாள் காலை பத்து மணிக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்து நான் காலையில் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். ஒன்பதரைக்கு அந்தப் பெண்ணே போன் செய்தாள்.

"எங்கண்ணே இருக்கீங்க? வாங்க, வீட்டுக்குப் போகணும்."

"நானாம்மா?"

"சீட்டு ஒங்க வண்டியிலதான் இருக்கு. அத இன்னொரு வண்டியில மாட்ட எனக்குத் தெம்பில்ல."

போனேன். வாரைக் கழற்றி அலசிக் காயப்போட நேரமில்லை, ஈரத் துணியால் துடைத்திருந்தேன். பிள்ளை நெற்றியில் கட்டோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. மாப்பிள்ளை முன்னால் ஏறி, சொல்லாமலே பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பின்னால் அந்தப் பெண் ஒரு பக்கம், ஆச்சி ஒரு பக்கம், நடுவில் பிள்ளையின் சீட்டு. அவள் பூட்டப் போனபோது ஆச்சி கையை நீட்டினார்.

"இரு. எனக்குக் காட்டு, எப்படின்னு."

நான் வண்டியை எடுக்காமல் காத்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு நுனியையும் சேர்த்து உள்ளே செருகினால் டக்கென்று சத்தம் வர வேண்டும். ஆச்சிக்கு விரலில் மூட்டுவலி. முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை ஒரு நுனி வெளியே வந்துவிட்டது. அவள் உதவவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஐந்தாவது தடவையோ என்னவோ, டக்கென்றது.

"இப்ப வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவுல வெரல விட்டுப் பாருங்க அயித்தை. ஒரு வெரலுக்கு மேல போகக் கூடாது."

ஆச்சி விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பெண் பிள்ளையின் மேலாகக் கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் வண்டியை எடுத்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. எல்லா போட்டோவிலும் பிள்ளை கட்டோடுதான் இருக்கும். ஆச்சி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்பவர், அதைக்கூட வேறொருவர் மூலமாகக் கேட்டார். ஐந்து நாள் கழித்து அவர்களைத் திரும்ப விமான நிலையத்தில் விட்டோம். அந்தப் பெண் சீட்டைக் கழற்றித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, "வர்றேண்ணே. ஒங்க கவரை அறுக்க வச்சுட்டேன்" என்றாள். அவர்கள் உள்ளே போன பிறகு ஆச்சியும் நானும் மட்டும் வண்டிக்கு நடந்தோம்.

"அன்னைக்கு நீங்க சொல்லலைன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கு நான் வண்டியவே எடுத்திருக்கக் கூடாதுங்க ஆச்சி."

"ஆமா" என்றார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் கண்ணாடியைச் சரி செய்யும்போது பார்த்தேன், கவரின் கிழிசலுக்குள் லாக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போய் மூன்று லாக்குக்கும் மூன்று ஓட்டை போட்டுத் தைக்கச் சொன்னேன். கடைக்காரருக்கு ஆச்சரியம். "போலீஸ்ல பிடிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்கண்ணன் புள்ளையும் முன்னாடிதான் நின்னுக்கிட்டு வரும்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில்தான் சிரமமாக இருந்தது. கீரனூரில் கட்டிக்கொடுத்த என் மகளுக்கு அப்போது இரண்டரை வயதுப் பையன். வாரம் தவறாமல் அவனைக் கூட்டி வந்து இரண்டு நாள் வைத்திருப்போம். அவன் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, கியரின் மேல் கையை வைத்தபடி வருவான். திருச்சியில் அவன் வயதுக்கேற்ற சீட்டு ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். மகள் சிரித்தாள்.

"எங்களையெல்லாம் டிக்கியத் தெறந்து அதுல உக்கார வச்சுக் குடுமியான்மலை கூட்டிட்டுப் போன ஆளு நீங்க."

"ஆமா. ஒன்னைய மடியில வச்சு ஸ்டீயரிங்கையும் பிடிக்க விட்டேன். இப்ப அதச் செய்ய மாட்டேன்."

பையன் அதில் உட்கார மாட்டேன் என்று ஒரே அடம். நான் கோபப்படவில்லை. வண்டியை எடுக்கவும் இல்லை. மகள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பேப்பர் படித்தேன். "சீட்டுல உக்காந்தாத்தான் தாத்தா வண்டி ஓடும்" என்றேன். முதல் நாள் முக்கால் மணி நேரம் அழுதான். என் மனைவிக்கு என் மேல் அப்படி ஒரு கோபம். அடுத்த வாரம் அரை மணி நேரம். நாலாவது வாரம் அவனே ஏறி உட்கார்ந்து, "தாத்தா, டக்கு" என்று வாரை நீட்டினான்.

வாடிக்கையாளர்களிடம் அப்படி உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியாது. பிள்ளைகள் பின்னால்தான், பெல்ட் போட்டுத்தான், முன்னால் மடியில் கிடையாது என்று சொல்லிவிடுவேன். சிலர் சரி என்பார்கள். சிலர் முனகுவார்கள். போன ஆவணியில் காதுகுத்துக்குப் போகிற குடும்பம் ஒன்று, பெரியவர்கள் ஐந்து, பிள்ளைகள் நாலு, ஒரே நடையில் எல்லாரையும் ஏற்றச் சொன்னார்கள். இரண்டு நடையாகப் போகலாம், கூடக் காசு வேண்டாம் என்றேன். நேரத்துக்குப் போகணும் என்று என் கண் முன்னாலேயே பக்கத்து வண்டியைப் பேசி, முன் சீட்டில் இரண்டு பிள்ளைகளை அடுக்கிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். சாயங்காலம் அந்த வண்டி திரும்பி வந்து, டிரைவர் இறங்கி டீக்கடைக்கு நடக்கிற வரைக்கும் நான் ஸ்டாண்டைவிட்டு நகரவில்லை. ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஒன்றும் ஆகாத நாட்கள்தானே அதிகம். அதனால்தான் யாரையும் நம்ப வைக்க முடிவதில்லை.

சில சமயம் என்ன செய்வதென்று எனக்கே தெரியாது. போன மாதம் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் ஏறினார்கள். இளவயதுக் கணவன், மனைவி, பிறந்து நாலு நாள் ஆன பிள்ளை. கீரனூருக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம். அவனுக்குக் கூலி வேலை. என்னிடம் இருப்பது பேரனுடைய சீட்டு, நாலு நாள் பிள்ளைக்கு அது ஆகாது. அவ்வளவு சின்னதற்கு ஒரு சீட்டு வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்ணைப் பின்னால் நடுவில் உட்கார வைத்துப் பெல்ட்டை அவளுக்கு மட்டும் போட்டேன்.

"புள்ளையையும் சேத்துப் போடவாண்ணே?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. சேத்துப் போட்டா ஒங்க கனமெல்லாம் அது மேல வரும். நீங்க மட்டும் போட்டுக்கங்க. நான் பாத்துப் போறேன்."

முப்பதைத் தாண்டவில்லை. பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்தபடி முந்திப் போயின. அவன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வண்டியில ஏதும் ரிப்பேருங்களாண்ணே?" என்று கேட்டான். இல்லை தம்பி என்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர்கள் தெருவில் கார் திரும்ப இடமில்லை. முனையில் இறக்கிவிட்டேன். அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினாள். அவன் பைகளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். வீட்டுக்குள் போகிற வரைக்கும் பார்த்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தேன்.